இரண்டும் இடது கை

தையல்கடையில் கட்டிங் அக்கா அளவு டேப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். மேசைக்கடியில் பார்த்தாயிற்று, துணிக் குவியலைப் புரட்டியாயிற்று. பக்கத்து மெஷினில் இருக்கும் நாத்தனார் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று வாயைத் திறக்கிறாள். “அண்ணி, குனிஞ்சு உங்க வயித்தைப் பாருங்க.” டேப் அங்கேதான் சுற்றியிருக்கிறது.

எட்டாம் மாதம். திங்கட்கிழமைதோறும் வயிற்றை அளந்து, வாடிக்கையாளர்களின் அளவு நோட்டிலேயே குறித்துவைப்பார். பெயர் எழுதும் இடத்தில் ‘குட்டி’ என்றிருக்கும். “இந்த ஒரு டெலிவரி தேதிதான் நம்ம கையில இல்ல” என்பார். போன மாதம் அந்த நோட்டையே காணாமல் கடை இரண்டுபட்டது. கடைசியில் சாப்பாட்டுக் கூடையிலிருந்து எடுத்தார்கள். இதற்கெல்லாம் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

கத்தரி விஷயத்தில் மட்டும் சிரிப்பு வராது. பதினான்கு வருடமாகத் துணி வெட்டும் கை அது. “தைச்சது தப்புன்னா பிரிச்சுக்கலாம். வெட்டினது தப்புன்னா யார்கிட்ட போய் நிக்கிறது?” என்பார். அவர் கத்தரியை வேறு யாரும் தொடக்கூடாது. அதற்கென்று அவர் மேசைக்கு மேலே தனி ஆணி உண்டு.

பாட்டு டீச்சர் மேடையில் போடத் தைக்கக் கொடுத்த கோட்டில் வந்தது வினை. துணியின் நடுவே நெசவு கொஞ்சம் பழுது. அதனால் வழக்கம்போல் இரண்டாக மடிக்காமல் ஒற்றையாகப் பரப்பி வெட்டினார். அப்படி வெட்டினால், ஒரு கை முடிந்ததும் அளவு அட்டையைக் குப்புறத் திருப்பிப் போட்டுத்தான் அடுத்த கையை வெட்ட வேண்டும். தொழிலில் பாலபாடம் இது. அக்கா திருப்ப மறந்தார். இரண்டும் இடது கை. அன்றைக்கே கத்தரியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் பட்டன் தைக்க உட்கார்ந்தார். பத்து நாளாக ஆணி காலி. அவர் மனசும் அப்படித்தான் இருந்தது.

பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேவிட்டார். “மூளை கரைஞ்சு போகுதா டாக்டர்?”

டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார். “கரையல. கர்ப்பிணிகளுக்கு ஞாபகப் பரீட்சை வெச்சுப் பார்த்திருக்காங்க. கொஞ்சம் குறையறது உண்மைதான். ஆனா பெரும்பாலும் உங்களுக்கும் வீட்டுல இருக்கறவங்களுக்கும் தெரியற அளவுதான். வேலையே செய்ய முடியாத அளவுக்கு இல்ல. மூளையில சில இடம் மாறுது. பிள்ளையைக் கவனிக்கத் தயாராகறதா இருக்கலாம்னு நினைக்கிறாங்க, முழுசாத் தெரியல. ராத்திரி தூங்கறீங்களா?”

“எங்க டாக்டர், உள்ள மெஷின் ஓடுது.”

“அப்ப அதுவும் ஒரு காரணம். பகல்ல கொஞ்சம் படுங்க.”

திரும்பி வரும் வழியில் நாத்தனாரிடம் சொன்னார். “நல்லாத்தான் சொல்றாங்க. ஆனா அவங்க கோட்டு வெட்டறதில்லையே.” சொன்னாரே தவிர, முகம் தெளிந்திருந்தது. மதியம் ஒரு மணி நேரம் துணி மூட்டையில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை டீச்சருக்கு மேடை. துணிக்கடையில் அந்தத் துணி தீர்ந்துவிட்டது. கையிலிருந்த மீதி, சரியாக ஒரு கைக்குத்தான் வரும். நாத்தனார் கோட்டுக்கை வெட்டிப் பழகாதவள். வெள்ளிக்கிழமை காலை அக்கா பட்டன் வேலையிலிருந்து எழுந்து வந்து, நாத்தனாரிடமிருந்த கத்தரியை வாங்கிக்கொண்டு, துணியின் நல்ல பக்கத்தை மேலே வைத்துப் பரப்பினார். அட்டையைத் திருப்பிப் போட்டார். சாக்கட்டியால் துணியில் ‘வலது’ என்று எழுதினார். அட்டையிலும் எழுதினார். போதாதென்று தன் வலது புறங்கையிலும் எழுதிக்கொண்டார்.

“அண்ணி, எதுக்கும் நான் ஒருதடவை…”

“நீ பேசாம இரு. பேசினா மறந்துடுவேன்.”

கத்தரி துணிக்குள் இறங்கியது. பாதியில் குட்டி ஓர் உதை விட்டது. நிறுத்தி, மூச்சு விட்டு, அது அடங்கியதும் மீதியை வெட்டினார். வெட்டிய துண்டைக் கோட்டின் வலது தோளில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

பிறகு நாத்தனார் கத்தரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையில் சாக்கட்டியை வைத்துவிட்டு, கத்தரியைத் தன் ஆணியில் மாட்டினார்.