கீழே போட்டாலும் உடையாதது

கொரோனாவில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோதுதான் எங்களுக்கு ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து அந்த மடிக்கணினிகள் வந்தன. மஸ்கெலியாவுக்கு மேலே, தொழிலாளர் லயத்து வீடொன்றில் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்திலேயே எனக்கு ஆசிரியை வேலை. விலை குறைந்த, முரட்டுக் கணினிகள். ஓரமெல்லாம் தடித்த ரப்பர். விழுந்தாலும் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பாடங்களெல்லாம் உள்ளேயே இருந்ததால் சிக்னலும் தேவையில்லை.

பாடசாலை அதிபர் அவற்றை இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

பத்தாம் ஆண்டில் கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஒன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடி அப்பாவின் போனோடு மழையில் தேயிலை மலை ஏறினாள். பார்க்கப் பொறுக்காமல், அதிபரின் அறைக்குப் போய், கணினிகளைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்று தனியாகக் கேட்டேன்.

"பார்ப்போம் டீச்சர்" என்றார்.

பதில், மற்ற ஆசிரியர்கள் கூடியிருந்த இடத்தில் வந்தது.

"டீச்சருக்குக் கம்ப்யூட்டர வெளிய எடுக்கணுமாம். லயத்து ஆளுங்க கையில எது உருப்பட்டிருக்கு? நீங்களும் அங்கருந்து வந்தவங்கதானே, ஒங்களுக்குத் தெரியாதா?"

சிலர் சிரித்தார்கள். இந்த மனிதர் இதேபோல நாலு பேர் முன்னால் தலை குனிந்து நிற்பதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். அந்தப் பிள்ளை படிப்பை விட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனபோது அந்த வெறி இன்னும் இறுகியது.

பாடசாலை திறந்த பிறகு, கணினி கொடுத்தவர்கள் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. வகுப்பை நடத்திக் காட்டும் பொறுப்பை அதிபர் என்னிடமே தந்தார். நான் கணினிகளுக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றினேன். வந்த நாளிலிருந்து திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை வேண்டுமென்றே உரிக்கவில்லை. கொழுந்து எடுக்கும் தாய்மாரையும் வரச் சொன்னேன்.

வந்தவர்களில் ஒருவர் ஒரு சிறுமியிடம், "இதுல என்னம்மா படிச்சீங்க?" என்று கேட்டார்.

"இன்னைக்குத்தான் கையில குடுத்தாங்க சேர்."

அதிபர் அவசரமாகச் சிரித்தார். "ஒடைஞ்சிரும்னுதான் பத்திரமா வச்சிருந்தோம்."

ஒரு கணினியை எடுத்துச் சிமெந்துத் தரையில் போட்டேன். அதிபருக்காக வைத்திருந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். துடைத்துத் திறந்தேன். திரை ஒளிர்ந்தது.

"லயத்து ஆளுங்க கையில எது உருப்பட்டிருக்குன்னு கேட்டீங்களே சேர். இந்தா நிக்கிறாங்க. இவங்ககிட்டயே கேளுங்க."

தாய்மார் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் தலை குனிந்தார். அது நிமிர நேரமானது. அவ்வளவு நேரமும் நான் கண்ணை எடுக்கவில்லை.

அந்த வாரமே கணினிகள் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போயின. அதிபர் இடமாற்றம் கேட்டுப் போனார். என்னையும் வட்டவளைப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். வருத்தமில்லை.

போன வருடம் ஹட்டன் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். மெலிந்திருந்தார்.

"அன்னைக்கு எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"தனியாத்தான் சொன்னேன் சேர். நீங்கதான் எல்லாருக்கும் முன்னால பதில் சொன்னீங்க."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.