இரண்டு செல்வியும் ஒரு பதினாறு மார்க்கும்

புதிய பாடத்திட்டம் வாட்ஸாப்பில் வந்து விழுந்தது. கைபேசியில் அதைப் படிக்க என் கண் ஒத்துழைக்காது என்பதால், பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கக் கொடுத்தேன். இயந்திரம் துப்பிய தாள்களைப் புரட்டினால், நான் இத்தனை வருடமாக நடத்திவந்த பாடத்தைக் காணோம். ஒரு தாள் கீழே விழுந்திருக்குமோ என்று மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன்.

"பக்கமெல்லாம் செரியாத்தானுங்க வந்திருக்குது" என்றார் கடைக்காரர்.

பக்கம் வந்திருந்தது. பாடம்தான் வரவில்லை. அந்த இடத்தில் நேர்முகத் தேர்வில் எப்படிப் புன்னகைப்பது என்பதைச் சொல்லித்தரும் பாடம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

என் பாடத்தின் பெயர் நிரல்மொழிகளின் கோட்பாடு. அது எந்தக் கணினி மொழியையும் கற்றுத்தராது. எல்லா மொழிகளும் எதன் மேல் நிற்கின்றன என்று சொல்லும். இதை நான் ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். "அஸ்திவாரத்தையே பாத்துட்டிருந்தா ஊட்டுக்குள்ள எப்பங்க போறது?" என்று ஓர் ஆண்டு ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. எனக்கு இன்னும் பதில் தெரியாது.

சூடான ஜெராக்ஸ் தாளின் அந்தக் கருகல் வாசனையை முகர்ந்தால் எனக்கு வகுப்பறைதான் நினைவுக்கு வரும். புத்தகத்தை யாரும் வாங்கியதில்லை. 'கைடு' என்ற ஒன்று இருந்தது. கேள்வியும் பதிலும் மட்டும் கொண்ட அந்தக் கைடின் ஜெராக்ஸை எடுத்து, அந்த ஜெராக்ஸிலிருந்து இன்னொரு ஜெராக்ஸ் எடுத்து, கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரும்போது எழுத்துகள் எறும்பு ஊர்ந்த தடம் போலிருக்கும். அதையும் அப்படியே மனப்பாடம் செய்தார்கள். எறும்புகள் உள்பட.

இன்னொரு வாசனையையும் சொல்லியாக வேண்டும். கல்லூரிக்கு ஒரு பக்கம் விசைத்தறி, மறுபக்கம் கோழிப்பண்ணை. தறிச் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்தினால் வெக்கை. வெக்கைக்குத் திறந்தால் கோழி. இதற்கு நடுவில், என் பாடத்துக்கு அடிப்படையான லாம்டா கால்குலஸ் என்ற குறியீட்டுக் கணக்கு. நாற்பது நிமிடம் தொண்டை வறளத் தத்துவம் பேசி முடித்துவிட்டு, "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்பேன். ஒரு கை உயரும். "சார், இது எத்தன மார்க்குங்க?"

ஆனால் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பாதிப் பேர் விடுமுறையில் பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போகிறவர்கள். எம் சைஸ் பெட்டிக்குள் எக்ஸ்எல் பனியன் போகக்கூடாது, போனால் சரக்குத் திரும்பி வரும் என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. வகைச் சரிபார்ப்பு என்று நான் இரண்டு வாரம் நடத்தியது அந்தப் பெட்டியைத்தான். பெட்டியைக் காட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். பேராசிரியனுக்கு அது கௌரவக் குறைச்சல்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி ஜெபராணி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மார்க் எத்தனை என்று கேட்காமல் சந்தேகம் கேட்ட ஒரே மாணவி. ஒருநாள் கைடைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், இதுல உள்ள இருக்க ஒய்யும் வெளிய இருந்து வார ஒய்யும் ஒண்ணாப் போயிட்டு. தப்புல்லா?"

தப்புதான். ஒரு சார்புக்குள், அதாவது ஃபங்ஷனுக்குள், ஏற்கெனவே ஒய் என்ற எழுத்தைப் பெயராகக் கொண்ட ஒருவர் இருக்கும்போது, வெளியிலிருந்து அதே பெயருள்ள வேறொருவரை அப்படியே உள்ளே விட்டுவிடக்கூடாது. முதலில் உள்ளே இருப்பவரின் பெயரை மாற்ற வேண்டும். கைடு அந்தப் படியைத் தாண்டிக் குதித்துத் தவறான விடைக்குப் போயிருந்தது. அதையே நானும் இரண்டு வருடம் நடத்தியிருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. "பரவாயில்லையே, எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று பெரிய மனிதனாகக் கேட்டேன்.

"எங்க செக்கிங் டேபிள்ல ஒரு செல்வி இருக்கா சார். அயர்னிங்ல இருந்து இன்னொரு செல்வி வந்தா. மொதல்ல இருந்தவளுக்கு வேற பேரு வெக்காம ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டுட்டாவ. இவ பண்ண டேமேஜுக்கு அவ ஏச்சு வாங்குதா."

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. "பரீட்சையில் சரியானதையே எழுது" என்றேன். எழுதினாள். அதே கேள்வி, பதினாறு மார்க். பூஜ்யம். ஐந்து மார்க் குறைந்து பெயில்.

அரியர் இருந்தால் கேம்பஸ் தேர்வில் உட்கார முடியாது. முதலில் வந்த கம்பெனி அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அரியர் தேர்வுக்குப் பிறகு அந்த ஆண்டில் வர இன்னும் ஒரே ஒரு கம்பெனிதான் பாக்கி.

நான் துறைத்தலைவரிடம் ஓடினேன். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்வந்தவர் அவர். விடைக்குறிப்பு கையில் இருந்தது. பார்த்தேன். கைடின் விடை அப்படியே. குறிப்பைத் தயாரித்தவரும் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறவர் போலிருக்கிறது.

"நீங்க சொல்றது செரிதானுங்க சார். அதுல சந்தேகமே இல்லீங்க. ஆனா கீயில இப்படித்தானுங்களே இருக்குது?"

"அப்ப கீ தப்புங்க."

"தப்பாவே இருக்கட்டுங்க. டீ சாப்புடுங்க."

கொங்கு நாட்டில் இதுதான் தொல்லை. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இவ்வளவு மரியாதையாக ஒருவர் மறுத்தால் டீயைத்தான் குடிக்க முடியும். குடித்துவிட்டு, ஜெபராணியை மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டச் சொன்னேன். மறுபடியும் பூஜ்யம். பல்கலைக்கழகத்துக்கு நான்கு பக்கம் நிரூபணத்தோடு கடிதம் எழுதினேன். தங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. கிடைத்ததில் அவர்களுக்குத் திருப்தி.

அரியர் தேர்வுக்கு முந்தைய நாள் ஜெபராணி ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"அதே கேள்வி வந்தா எத எழுத, சார்?"

"கைடுல இருக்கறதை எழுது" என்றேன்.

"அது தப்புல்லா சார்?"

"தப்புதான்."

"சரி சார்" என்று போனாள். அதே கேள்வி வந்தது, பதினாறுக்குப் பதினாறு. கடைசிக் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. இனிப்புப் பெட்டியோடு வந்தாள். நானும் எடுத்துத் தின்றேன்.

அடுத்த ஆண்டு முதல் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தேன். இடப்பக்கம் சரியான விடை, வலப்பக்கம் பரீட்சைக்கான விடை. என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன். பிள்ளைகள் வலப்பக்கத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு, இடப்பக்கம் எழுதும் நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கோடு இடப்பக்கமாக நகர்ந்தது. ஒருநாள் மணி அடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. வலப்பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு, மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். மறுநாள் யாரும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. அதன் பிறகு பலகையில் கோடு கிழிக்கும் தேவை எனக்கு இருக்கவில்லை.