ஆயில் மாமாவும் ஒரு ‘தானே’யும்

காய்ந்த இரும்பு வாணலியில் ஒரு சொட்டு ஆயிலை விட்டுவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோகிறார் ஆயில் மாமா. சடசடவென்று வெடித்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஓசையில்லாமல் புகைந்தால் சுத்தம். இன்று ஓசையில்லை. மகளுக்குச் சுகப்பிரசவம் என்று கேட்ட தகப்பனைப் போல அவர் முகம் மலர்கிறது.

“பட்டறையில ஒரு தகரம் கூடவா இல்ல? என் வாணலிதான் கிடைச்சுதா?” என்கிறார் அவர் மனைவி.

“அங்க ஒரே இரைச்சல்டி. அது சொல்றது காதுல விழாது.”

அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று இதைப் பார்த்து நான் பலமுறை கண் கலங்கியிருக்கிறேன். புகையும் ஒரு காரணம்.

தெருவிளக்கு பழுதுபார்க்கும் பக்கெட் வண்டிக்கு அவர்தான் மெக்கானிக். வண்டியின் முதுகில் நீளமான இரும்புக் கை. கையின் நுனியில் ஆள் நிற்கும் பக்கெட். கையைத் தூக்கி நிறுத்துவது உள்ளே ஓடும் ஆயிலின் அழுத்தம். அந்த ஆயிலைத் தேர்ந்தெடுக்க அவர் படும் பாடு, பெண்ணைப் பெற்றவர்கள் கூடப் பட்டிருக்க மாட்டார்கள். “வெயில்ல தண்ணியா ஓடக் கூடாது. குளிர்ல கூழா உறையக் கூடாது. கரண்ட் கம்பிகிட்ட போறதால கரண்டையும் கடத்தக் கூடாது. நல்ல மாப்பிள்ளை கூட அமைஞ்சிடுவான் சார், நல்ல ஆயில் அமையாது!”

டேங்கிலிருந்து எடுத்த ஆயிலைக் கண்ணாடிப் புட்டியில் வெயிலுக்கு நேரே பிடிப்பார். தேன் நிறமென்றால் சிரிப்பு. பால்போல வெளுத்தால் தண்ணீர். கறுத்தால் சூட்டில் வெந்தது. இரண்டில் எதுவானாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

“உங்க ரத்தத்தை இப்படி ஒருநாளாவது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?” என்பார் மனைவி.

“நான் என்ன, ஆளை மூணு மாடி உயரத்துக்குத் தூக்குறேனா?”

தூக்கப்படும் ஆள் வேறு யாருமல்ல, மனைவியின் ஒரே தம்பி. பாசத்துக்குக் குறைவில்லாத மாமன், மைத்துனன். ஆனால் ஒருநாள் டேங்கில் ஆயில் குறைந்திருக்க, மாமாவும் அங்கில்லாமல் போக, லாரிக்கு ஊற்றி மிஞ்சிய இன்ஜின் ஆயிலை மைத்துனர் அதில் கவிழ்த்துவிட்டார். மாமா பதறி ஓடிவந்தபோது மைத்துனர் சொன்னார்: “ஆயில்தானே மாமா?”

அந்தத் ‘தானே’ ஒரு குடும்பத்தை இரண்டாகக் கிழித்தது! மாமா அன்றோடு மைத்துனரிடம் பேச்சை நிறுத்தினார். மைத்துனர் அக்கா வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினார். பொறுத்துப் பார்த்த அக்கா கடைசியில் சொல்லிவிட்டார்: “எந்தம்பி வராத வீட்ல எனக்கென்ன வேலை? இன்னைக்கு நீங்க பேசலேன்னா நான் அவன் வீட்டுக்குப் போறேன். வாணலியையும் எடுத்துக்கிட்டு.”

மாமா அதற்குள் டேங்கை வடித்து, குழாய்களைக் கழுவி, ஃபில்டரை மாற்றிப் புது ஆயில் நிரப்பியிருந்தார். சோதனைக்குப் பக்கெட்டில் ஏறிய மைத்துனர் உச்சிக்குப் போனதும் கத்தினார்: “அக்கா! மாமா வாயத் திறந்து பேசற வரைக்கும் நான் இறங்கி வரமாட்டேன்!”

பையும் கையுமாகப் பட்டறைக்கு வந்திருந்த அக்கா, தன் கணவரைப் பார்த்தார்.

“அவனே இறங்கி வரட்டும்னு சொல்லு” என்றார் மாமா அக்காவிடம்.

“கேட்டுதாடா?”

“கேட்டுது. முடியாதுன்னு சொல்லு!”

பக்கெட்டை ஏற்றி இறக்கும் லீவர் மேலே இருப்பதுபோலக் கீழேயும் ஒன்று உண்டு. மாமா நினைத்தால் அவரை இறக்கிவிடலாம். ஆனால் இழுத்து இறக்கினால் அது இறங்கி வந்ததாகுமா?

அப்போது வண்டியின் டிரைவர் கூவினார்: “மாமா, பக்கெட் தானே இறங்குது!”

அறை வாங்கியவர்போல மாமா திரும்பினார். கடிகார முள்போல மெல்ல மெல்ல, பக்கெட் கீழே வந்துகொண்டிருந்தது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இரும்புக் கையைத் தாங்கிப் பிடிக்கும் வால்வில் பழைய அழுக்கின் துணுக்கு ஒன்று சிக்கி, ஆயிலைக் கசிய விடுகிறது. அப்படியென்றால் கழுவல் சரியில்லை. கழுவியவர் அவரேதான்! யாரும் பார்க்காதபடி லீவரைத் தட்டினார். பக்கெட் பழைய உயரத்துக்கு ஏறியது.

மறுபடி இறங்கியது. மறுபடி ஏற்றினார்.

“நான் இறங்கலக்கா! சத்தியமா நான் இறங்கல!” என்று அலறினார் மைத்துனர்.

“ரெண்டு பேர் வீம்பும் லிஃப்ட்ல போய்ட்டு வருதும்மா!” என்றார் டிரைவர். பட்டறையே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

“மாப்ள!” என்று மாமா மேலே பார்த்துக் கத்தினார். “நீ இறங்கலடா. நான் சரியாக் கழுவல!”

சிரிப்பு நின்றது. அக்காவும் நின்றார். மாமா லீவரிலிருந்து வலக்கையை எடுத்தார். அது மறுபடியும் அங்கே போய்விடாதபடி இடக்கையால் அதன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, பக்கெட் இறங்கட்டும் என்று நின்றார்.