குலதெய்வத்தின் பெயரில் ஒரு டாட் காம்

வக்கீல் நோட்டீஸ் வந்தபோது என் கையெல்லாம் முறுக்கு மாவு. என் வீட்டுக்காரர் கவரைப் பிரித்துப் படித்தார், முகம் வெளுத்துவிட்டது. எங்கள் பலகாரக் கடையின் இணையதளப் பெயர் ஒரு பெரிய ஸ்வீட் கடையின் பெயரைக் காப்பியடித்ததாம். அவர்களுடைய வாடிக்கையாளர்களை ஏமாற்றி இழுக்கத்தான் அப்படி வைத்தோமாம். உடனே ஒப்படைக்க வேண்டுமாம். அது எங்கள் குலதெய்வத்தின் பெயர்.

எங்கள் ஊர்க்காரர்கள் எந்தத் தொழில் தொடங்கினாலும் அம்மன் பெயரைத்தான் வைப்பார்கள். பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவிலேயே அதே பெயரில் ஒரு டயர் கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு தையல் கடை. டயர் கடைக்கு வர வேண்டிய போன் எங்களுக்கு வந்தால் அந்தக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கொடுப்போம். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி முறை. அம்மன் பெயருக்கு யார் பட்டா வாங்குவார்கள்?

நாங்கள் இணையதளம் தொடங்கிய சமயத்தில் பெங்களூரில் எல்லோருக்கும் டாட் காம் பைத்தியம். தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு கடை திறந்திருந்த என் வீட்டுக்காரரையும் அது விடவில்லை. கடையை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது என்பதால் நான் தயங்கியபடியே அவருடன் பிரேசர் டவுன் பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

“வெறும் அம்மன் பேரு போயிடுச்சு சார். உங்க ஊர்ப் பக்கம் ஒரு ஸ்வீட் கடைக்காரங்க எடுத்துட்டாங்க. பின்னாடி பெங்களூர்னு சேத்துக்கிட்டா கிடைக்கும்” என்றார் சென்டர்காரர்.

“அட, நம்ம பங்காளி கடை” என்று இவருக்கு ஒரே சந்தோஷம். அங்கேயே பதிவு செய்துவிட்டோம்.

ஆர்டர்கள் வந்தன. ‘உங்கள் பெங்களூர் கிளைக்கு’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். இவர் சிரித்தார். “அவங்க கடைன்னு நெனச்சுக்கிறாங்க. பரவாயில்ல, நல்லா செஞ்சு குடு” என்றார்.

நோட்டீஸ் வந்ததும் வக்கீலைப் பார்க்கலாம் என்றேன். “பங்காளிங்களுக்குள்ள எதுக்கு வக்கீலு? நேர்ல போய் பேசினா முடிஞ்சிடும்” என்று, ஒரு டப்பா முறுக்கும் அம்மன் குங்குமமும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“முதலாளி உக்கார வெச்சு காபி குடுத்தாரு. நான் ஒண்ணையும் மறைக்கல. உங்க கடைன்னு நெனச்சு நெறைய பேரு எங்ககிட்ட வர்றாங்க, உங்க பேரு கெடாம நல்ல சரக்காத்தான் குடுக்குறோம்னு சொன்னேன். மேனேஜர் பக்கத்துலயே இருந்து எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு.”

எழுதிக்கொண்டார் என்றதும் நான் நோட்டீஸைத் தேடி எடுத்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் இவரை இழுத்துக்கொண்டு ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஜனங்க குழம்பிப் போறாங்கன்னு அவங்கதான் சார் நிரூபிக்கணும். அத நீங்களே பஸ் ஏறிப் போய் சொல்லிட்டு வந்திருக்கீங்க.”

“சாமி பேரு எல்லாருக்கும் பொதுதானே மேடம்?”

“டயர் கடைக்குப் பொதுதான். ஆனா ஸ்வீட்டுன்னா அந்தப் பேரு அவங்க கடைதான்னு ஜனங்க மனசுல பதிஞ்சிருக்கு. ட்ரேட்மார்க்கும் வாங்கி வெச்சிருக்காங்க. நீங்க விக்கிறதும் அதே சரக்கு. கேஸுக்குப் போனா தாங்க மாட்டீங்க. சைட்ட விட்டுடுங்க. போர்டையும் மாத்திடுங்க.”

காபியைக் கொடுத்து இவர் வாயைப் பிடுங்கிய அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

இணையதளத்தை எழுதிக் கொடுத்தோம். போர்டை இறக்கி ஏதோ ஒரு பெயர் வைத்தோம். வாடிக்கையாளர்கள் வாயில் அது ஒட்டவே இல்லை. வியாபாரம் பாதியாகிவிட்டது.

ஆடி மாதம் வழக்கம்போல் அம்மன் கோயிலுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் அந்த முதலாளி குடும்பத்தோடு தட்டு ஏந்தி நின்றார். பூசாரி கேட்டதும் கடைப் பெயரை ஓங்கிச் சொன்னார். அம்மனுக்கு நேராகவே அம்மன் பெயர்.

அடுத்து எங்கள் தட்டு. வருஷா வருஷம் இவரும் அதே பெயரைத்தான் சொல்வார்.

“யார் பேருக்கு அர்ச்சனை?” என்றார் பூசாரி.

இவர் வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“சாமி பேருக்கே பண்ணிடுங்க.”

பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இவர் என் காதருகே குனிந்தார்.

“சாமி பேருன்னாவது சொல்லலாமில்ல?”