என் தொண்டைக்குப் பதில் ஒரு பிரிண்டர்

எனக்குத் தொண்டை போய்விட்டது என்றபோது ஹோட்டலில் யாரும் நம்பவில்லை. நம்ப முடியாதுதான். ஹாலின் கடைசி மேஜையில் நின்று நான் ஆர்டர் சொன்னால், சமையல்கட்டைத் தாண்டிக் கொல்லையில் பாத்திரம் துலக்குகிறவர்களுக்கும் கேட்கும். "ரெண்டு ரோஸ்ட்டு, முறுகலா! ஒரு ஊத்தப்பம், வெங்காயம் தூக்கலா!" என்று நான் விட, அடுப்பைப் பார்த்து நிற்கும் மாஸ்டர் திரும்பாமலே "ஆச்சு!" என்று ஒரு பதில் விடுவார். ராஜபாளையத்தில் எத்தனையோ ஹோட்டல் இருக்கிறது, எல்லா இடத்திலும் எழுதிக்கொண்டு போவார்கள். எங்களிடம் அந்த வழக்கமே கிடையாது. நான் சொல்ல வேண்டும், அவர் ஆச்சு போட வேண்டும். ஆச்சு வரவில்லையென்றால் ஆர்டர் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சாப்பிட வருகிறவர்களும் அதைக் கேட்ட பிறகுதான் நிம்மதியாக இலையில் தண்ணீர் தெளிப்பார்கள்.

கழுத்தில் தைராய்டு கட்டி. மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டியால் பயமில்லை, ஆனால் குரல் நரம்பு அசந்துபோய் இருக்கிறது, சில மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. என் வீட்டுக்காரர் இனிமேல் நிம்மதியாகத் தூங்குவார் என்று தெருவில் கேலி பேசினார்கள். அந்த மனிதர் உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. திட்டிக்கொண்டே வளர்ந்தவள் நான், திட்டக்கூட வழியில்லையென்றால் எப்படி இருக்கும்!

காயம் ஆறியதும் பஸ் ஏறி வேலைக்கு வந்துவிட்டேன். ஹாலில் நின்று விரலைக் காட்டினேன், கையைத் தட்டினேன். மாஸ்டரின் முதுகுக்குக் கண் இருக்கிறதா என்ன? ஒவ்வொரு ஆர்டருக்கும் உள்ளே ஓடி அவர் காதில் முணுமுணுத்துவிட்டுத் திரும்ப ஓடினேன். அதற்குள் அடுத்த மேஜைக்காரர் சாம்பார் கேட்டுக் கேட்டு அலுத்துப்போவார். பூரி கேட்டவருக்குப் பொங்கல் போனது. பொங்கல் கேட்டவர் கோபித்துக்கொண்டு எழுந்தே போனார்.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். கல்லாவில் இருந்தபடி அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு சனிக்கிழமை, கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"யம்மா, தப்பா எடுத்துக்கிடாத. கொஞ்ச நாளு உள்ள காய்கறிய பாத்துக்கோ. சம்பளத்துல கை வைக்க மாட்டேன். ஹாலுக்கு வேற ஒரு ஆளு சொல்லியிருக்கேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. காய் நறுக்குவது ஒன்றும் மட்டமான வேலையில்லை, அந்தக் கத்திதான் ஊருக்கே சோறு போடுகிறது. ஆனால் நான் ஹால்காரி. யார் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்து தனியாகக் காபி குடிக்கிறார், எந்தப் பிள்ளைக்குக் காரம் ஆகாது, எல்லாம் எனக்குத் தெரியும். என்னைக் கொண்டுபோய் முட்டைக்கோசு முன்னால் உட்கார வைத்தால் நான் என்ன ஆவேன்?

புதிதாக வரப்போகிற ஆளுக்காக அண்ணாச்சி ஒரு மெஷின் வாங்கியிருந்தார். கையில் வைத்துக்கொள்ளும் போன் மாதிரி ஒன்று, அதில் ஆர்டரைத் தட்ட வேண்டும். சமையல்கட்டில் ஒரு சின்ன பிரிண்டர், தட்டியது அங்கே சீட்டாக வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில் இருக்கும் ஒருவர் விற்றது. ஞாயிறு காலையில் அவரே வந்து மாட்டித் தருவதாகப் பேச்சு. அன்று காலையில் போன் வந்தது. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தாம், நாளைக்கு வருகிறேன் என்றார். அண்ணாச்சி போனை வைத்ததும் நான் அந்த டப்பாவின் மேல் கையை ஊன்றினேன்.

"நான் மாட்டுறேன்" என்று காற்றாகச் சொன்னேன்.

"நீயா? ஒனக்கு இதெல்லாம்..."

"இது ஓடுச்சுன்னா ஹால்ல நான்தான். ஓடலன்னா நானே கத்திய எடுத்துட்டு உள்ள போறேன்."

சொன்ன கையோடு காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து கல்லா மேல் வைத்தேன். அண்ணாச்சி கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, சர்ச்சு முடிஞ்சு கூட்டம் வாரதுக்குள்ள முடிச்சிரு" என்றார். பிறகு கண்ணை மூடி டப்பாவின் மேல் கைவைத்து ஜெபம் செய்துவிட்டு, குடும்பத்தோடு ஆராதனைக்குப் போனார்.

பிரிண்டரை எடுத்து அலமாரியில் வைத்தேன். தோசைக்கல் பக்கம் வைக்கவில்லை, அந்தச் சீட்டுக் காகிதம் சூடு பட்டால் கறுத்துவிடும், இது எனக்குக் கல்லா பில்லைப் பார்த்தே தெரியும். கை கழுவிவிட்டு வருவதற்குள் மாஸ்டர் அதன் நான்கு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். புது மெஷின் எது வந்தாலும் அவர் பொட்டு வைக்காமல் விடமாட்டார். கிரைண்டர் வந்தபோதும் அப்படித்தான், ஃபிரிட்ஜ் வந்தபோதும் அப்படித்தான். அண்ணாச்சி ஜெபம் பண்ணுவார், மாஸ்டர் பொட்டு வைப்பார், ஒருவரை ஒருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சரி, இரண்டு பக்கமும் ஆசி கிடைத்தாயிற்று, இனி கரண்டு வந்தால் போதும் என்று காகித உருளையைப் போட்டு மூடி ஸ்விட்சைத் தட்டினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கீ, கீ என்று கத்தியது. திறந்தேன், மூடினேன். உருளையைத் திருப்பிப் போட்டேன். மறுபடியும் அதே கத்தல். எனக்கு இல்லாத குரல் அதற்கு இருந்தது, பாவி மெஷின்!

விற்றவருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் மேளம் முழங்குகிறது. "ஹலோ? யாருங்க? ஹலோ?" என்கிறார். நான் உயிரைக் கொடுத்துப் பேசினேன். வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், மறுபடி வைத்துவிட்டார். கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மாஸ்டர் வந்தார்.

"யக்கா, என் காதுல சொல்லுங்க. நான் கத்துறேன்."

அப்படியே செய்தோம். நான் அவர் காதில் ஊத, அவர் போனில் முழங்கினார். "செவப்பு லைட்டு எரியுதாம்! பேப்பரு போட்டாச்சாம்! மூடியும் ஆச்சாம்!" இத்தனை வருஷம் நான் சொல்லி அவர் ஆச்சு போட்டார். இன்று என் வார்த்தையை அவர் வெளியே விடுகிறார். மேளத்தைத் தாண்டிப் பதில் வந்தது: பேப்பர் இருப்பது மெஷினுக்குத் தெரியவில்லை, உள்ளே கண் மாதிரி ஒன்று இருக்கும், அதைத் துடையுங்கள்.

உருளையைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கண் இருந்தது. கண்ணை அடைத்துக்கொண்டு கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

மெதுவாகத் தலையைத் திருப்பி மாஸ்டரைப் பார்த்தேன்.

"நல்லதுக்குத்தானக்கா வச்சேன்" என்றார். "அடுப்புக்கு வாயிலதான வைப்போம். இதுக்கும் வாயைத் தொறந்து வச்சேன்."

ஐயோ, அந்த நேரத்தில் எனக்கு எத்தனை வசவு தோன்றியது தெரியுமா! ஒன்றையும் வெளியே விட முடியாமல் நெஞ்சு முட்டிப்போயிற்று. கழுத்துக் காயத்துக்கு வாங்கிய பஞ்சும் ஸ்பிரிட்டும் இன்னும் என் பையில் கிடந்தன. அதை எடுத்து அந்தக் கண்ணைத் துடைத்தேன். சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

அடுத்து, ஆர்டர் தட்டும் அந்தப் போனையும் பிரிண்டரையும் சேர்த்து வைக்க வேண்டும். பிரிண்டரின் பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்விட்சைப் போட்டால் அது தன் முகவரி எண்ணைத் தானே அடித்துத் தரும் என்று டப்பாவோடு வந்த, படம் போட்ட காகிதத்தில் இருந்தது. வந்த எண்ணை அப்படியே போனில் தட்டினேன். பிரிண்டர் கிடைக்கவில்லை என்றது. பிரிண்டரின் ஒயர் கல்லாவில் இருக்கும் வைஃபை பெட்டிக்குப் போகிறது. கையிலிருக்கும் போனோ சாப்பிட வருகிறவர்களுக்கென்று அண்ணாச்சி தனியாக வைத்த வைஃபையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்க்காத ஓரகத்திகள் கதைதான். போனைக் கல்லா வைஃபைக்கு மாற்றினேன். உடனே கண்டுகொண்டது.

பெருமை தாங்கவில்லை எனக்கு. ரெண்டு ரோஸ்ட் என்று தமிழில் தட்டி அனுப்பினேன். சர்ரென்று சீட்டு வந்தது. மாஸ்டர் கிழித்துப் பார்த்தார்.

"என்னக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது, வெறும் கேள்வியா கேக்குது?"

வாங்கிப் பார்த்தேன். வரிசையாகக் கேள்விக்குறி. ஒரு தமிழ் எழுத்து இல்லை. மாஸ்டருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. வாசலில் முதல் பைக் வந்து நின்றது. ஆராதனை முடிந்துவிட்டது. போன் போட்டால் காதுகுத்து வீட்டில் எடுக்கவில்லை. கல்லா மேல் கத்தி இருந்தது.

பிரிண்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தேன். கல்லாவில் அடிக்கும் பில்லிலும் சாப்பாட்டின் பெயர் இங்கிலீஷில்தான் வரும். ஆனால் அதன் தலைப்பில் எங்கள் ஹோட்டல் முத்திரையாக ஒரு கோழிப் படம் வரும், கொண்டை கூடத் தெளிவாக இருக்கும். தமிழ் தெரியாத மெஷினுக்குக் கோழியை வரையத் தெரிகிறதே! அப்படியென்றால் எழுத்தையும் படமாக நினைத்து வரையட்டுமே! போனில் பிரிண்டருக்கான பக்கத்தைத் திறந்து எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே போனேன். டெக்ஸ்ட் என்பதில் டிக் இருந்தது. அதற்குக் கீழே இமேஜ் என்று ஒன்று. கோழியை மனதில் நினைத்துக்கொண்டு அதை அழுத்தினேன்.

மறுபடி அனுப்பிப் பார்க்க நேரமில்லை. அண்ணாச்சியே உள்ளே வந்துவிட்டார், பின்னால் சர்ச்சிலிருந்து வந்த குடும்பங்கள். அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போகிற ஒரு வேன் கூட்டமும் சேர்ந்துகொண்டது. நான் போனை எடுத்துக்கொண்டு மூன்றாம் மேஜைக்குப் போனேன். வழக்கமாக வரும் வாத்தியார் குடும்பம். ரெண்டு ரோஸ்ட்டு, ஒரு ஊத்தப்பம் என்றார்கள். தட்டினேன். கீழே, சமையல்கட்டுக்குக் குறிப்பு என்று ஒரு இடம் இருந்தது. காலையிலிருந்து நெஞ்சில் முட்டிக்கொண்டு இருந்ததை அதில் தட்டிவிட்டு அனுப்பினேன்.

ஹால் இரைச்சலில் பிரிண்டர் சத்தம் கேட்கவில்லை. அண்ணாச்சி கல்லாப் பக்கம் நின்று சமையல்கட்டு வாசலையே பார்த்தார். நானும் பார்த்தேன். வாத்தியாரும் இலையைத் தொடாமல் காத்திருந்தார். ஒன்றுமில்லை. போயிற்று, முட்டைக்கோசுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது உள்ளேயிருந்து மாஸ்டரின் குரல், ஒவ்வொரு எழுத்தாக, ஊருக்கே கேட்கும்படி வந்தது.

"மூணாம் டேபிளு... ரெண்டு ரோஸ்ட்டு... ஒரு ஊத்தப்பம்... 'ஏலே பொட்டு வச்ச புண்ணியவானே, கருக்குனேன்னா நீயேதான் திங்கணும்'... ஏ யக்கா! ஆச்சுக்கா! ஆச்சு!"

ஹால் முழுக்கச் சிரித்தது. வாத்தியார் இலையில் தண்ணீர் தெளித்தார். அண்ணாச்சி கல்லா மேல் இருந்த கத்தியை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு வந்தார். பிறகு தன் போனை எடுத்து யாரிடமோ, "ஹாலுக்கு ஆளு வேண்டாம்யா. எங்க ஹால்காரம்மா இருக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆபரேஷனுக்கு வராத அழுகை, வீட்டுக்காரர் அழுதபோது வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. குரல் இல்லாததில் ஒரு வசதி, எவ்வளவு அழுதாலும் யாருக்கும் கேட்கவில்லை. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்தபடி நாலாம் மேஜைக்குப் போனேன்.