அவர் பயந்து தேய்த்த பிரேக்

அஸர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. "மர்ஹூம் ஹனீபா அவர்களின் மனைவி வபாத்தாகிவிட்டார்கள்" என்று மரணச் செய்தியை அறிவித்தார் ஒருவர். எங்கள் கல்முனைக்குடியில் ஹனீபாக்களுக்குக் குறைவில்லை. வரிப்பத்தான்சேனையில் கணிதம் படிப்பித்த ஆசிரியை என்று அவர் தொடர்ந்தபோதுதான் யாரென்று விளங்கியது. ஜெஸீமா டீச்சரின் சிறுநீரகங்கள் கைவிட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. செய்தி வரும் என்று தெரியும். தெரிந்திருந்தது எதற்கும் உதவவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் பின்னம் படித்தவர்கள். நான் அவருடன் அதே பாடசாலையில் வேலை செய்தவள், வயதில் இளையவள் என்பதால் அவர் 'மகள்' என்று அழைத்தவள். அதைவிட முக்கியமாக, அவருடைய காரில் தினமும் போய்வந்தவள். முதலில் அவருடைய கணவர் ஹனீபாதான் எங்களை ஏற்றிப்போவார். அவரைப் போல எச்சரிக்கையான ஓட்டுநரை நான் கண்டதில்லை. சம்மாந்துறை தாண்டி வயல்வெளி தொடங்கியதும், தெருவோரம் கொக்கு நின்றாலும் பிரேக்கில் கால் வைப்பார்.

"கொக்கு என்ன, ரோட்டக் கடக்கப் போகுதா? போங்களன்!" என்று டீச்சர் ஏசுவார்.

"கொக்குட மனசுல என்ன இரிக்கின்டு ஒனக்குத் தெரியுமா?" என்பார் அவர்.

ஒரு நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை. கணவரை இழந்தவள் வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தாவை டீச்சர் முடிக்கும்வரை கார் கடற்கரைப் பக்க முற்றத்தில் அசையாமல் நின்றது. உப்புக்காற்று அதன் சில்லுகளிலிருந்த இரும்பு பிரேக் டிஸ்க்குகளைத் தின்றுவிட்டது. இத்தா முடிந்து டீச்சர் தானே ஓட்டிப் பார்த்த அன்று, அடியிலிருந்து கல் அரைப்பதுபோல் சத்தம் வந்தது. இருவரும் கராஜுக்குப் போனோம்.

"முன் டிஸ்க் ரெண்டும் முடிஞ்சி டீச்சர். புதுசு போடணும். அதப் புடிச்சி நிப்பாட்டுற பேடையும் சேத்து மாத்துவம்" என்றார் கராஜ்காரர் றிஸ்வான்.

"பேட் பாதி இரிக்கே, தம்பி."

"இரிக்கிதான். ஆனா பழைய டிஸ்க்குட வரியெல்லாம் அதுல பதிஞ்சிரிக்கி. புது டிஸ்க்குல சரியாப் புடிக்காது. புது மாப்பிளைக்கு உடுக்கப் பழைய சாரனா டீச்சர்?"

சொன்ன பிறகுதான் யாரிடம் மாப்பிள்ளைக் கதை கதைத்தோம் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். டீச்சர் அதைக் கவனித்ததாகவே காட்டவில்லை. "பழசையே போடுங்க" என்றார். றிஸ்வான் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கடைசியில், "மெதுவாப் போங்க, இடம் விட்டுப் போங்க" என்று கெஞ்சிவிட்டு, புது டிஸ்க்கோடு பழைய பேடையே பூட்டிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது டீச்சர் காரணத்தைச் சொன்னார். "அதுல தேஞ்ச பாதி அவர் பயந்து பயந்து தேச்சது, மகள். அதக் கழட்டி வீசச் சொல்றாங்க."



அன்றிலிருந்து கார் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீச்சிட்டது. "டீச்சர் வாறாங்க, இனி மணி அடிக்கத் தேவல்ல" என்று அதிபர் பகிடி விடுவார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிற்க வேண்டிய இடத்தைக் கார் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாண்டித்தான் நின்றது. நான் அதைச் சொன்னபோது, "பயமெண்டா பஸ்ஸுல வாங்க" என்றார். அடுத்த நாளும் நான் காரில்தான் ஏறினேன்.

அறுவடைக் காலம் வந்தது. தெருவின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். ஒரு வளைவு தாண்டியதும், எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். டீச்சர் பிரேக்கை மிதித்தார். கார் கீச்சிட்டது, நிற்கவில்லை. நெல்லின் மேல் ஏறி வழுக்கி, அவளுடைய முந்தானையைத் தொடும் தூரத்தில் போய் நின்றது.

அவள் துள்ளித் திரும்பினாள். "என்ன கா, கண் தெரியாதா ஒங்களுக்கு?" பிறகு கண்ணாடிக்குள் பார்த்தாள். குரல் இறங்கியது. "அல்லாஹ், நம்மட டீச்சரா… மகன்ட டீச்சர். ஒண்டுமில்ல, போங்க டீச்சர்."

டீச்சர் போகவில்லை. இறங்கி, அந்த நெல்லின் மேலேயே உட்கார்ந்தார். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செத்திருக்கக்கூடியவள் மற்றவருக்குத் தண்ணீர் பருக்கினாள். குடித்து முடித்து டீச்சர் சொன்ன வார்த்தைகள் இவை:

"அவர் இதுக்குத்தான் பயந்தவரு. நான் அவர்ட பேட்ட வெச்சுக்கிட்டு, அவர்ட பயத்த விட்டுட்டன்."

அன்றே கராஜுக்குப் போனோம், சைக்கிள்கள் எங்களை முந்திச் செல்லும் வேகத்தில். றிஸ்வான் கழற்றிய பேட்களைத் துடைத்து, கடதாசியில் சுற்றித் தரட்டுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். டீச்சர் அவற்றைக் கையில் வாங்கி, வரிகளை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தார். "வேணாம் தம்பி. பழைய இரும்போட போடுங்க" என்றார். காருக்குள் ஏறிய பிறகுதான் அழுதார். கணவரின் ஜனாஸாவை அடக்கம் செய்த அன்று அழுததைவிட அதிகமாக அழுதார் என்று நினைக்கிறேன். நான் கண்ணாடியை உயர்த்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஓட்டிய விதமே வேறு. தூரத்தில் ஒரு தலை தெரிந்தால் போதும், கால் பிரேக்குக்குப் போய்விடும். பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். "அடிக்கட்டும். அவங்களுக்கு எங்கட வீட்டுப் பழக்கம் தெரியா" என்பார். நோய் முற்றி, கால்கள் வீங்கி, பெடலை மிதிக்க முடியாமல் போகும்வரை அப்படித்தான் ஓட்டினார். பிறகு காரை விற்றார். 

ஜனாஸா வீட்டில் அவருடைய முகத்தைப் பார்த்தேன். சிறிய முகமாகியிருந்தது. அல்லாஹ் அவருடைய கப்றுக் குழியை விசாலமாக்கட்டும்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இப்போது பஸ்ஸில்தான் பாடசாலைக்குப் போகிறேன். வயல்வெளியில் யாராவது தெருவோரம் குனிந்து நின்றால், என் வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்துகிறது. பஸ் அதே வேகத்தில் அவர்களைக் கடந்து போகிறது. அவர்கள் நிமிர்ந்து நிற்பதைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் காலை எடுக்கிறேன்.