பால் இறக்கும் ஊசி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு போர்வெல் வண்டியில் நாலைந்து மாநிலம் சுற்றினேன். ஓசூர் பக்கம் ஒரு பால்பண்ணையில் இருந்தேன். கொஞ்ச நாள் கல் குவாரி. குவாரியில் இடது கால் கட்டைவிரல் போனதும் டிரைவர் வேலைக்கு மாறினேன். அப்படித்தான் ஒரு மேடத்துக்கு ஜீப் ஓட்டும்படி ஆனது.

மேடம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர். பிள்ளை பெற்ற பெண்களின் உடம்பில் ஊறும் ஹார்மோன்கள் மூளையை என்ன செய்கின்றன, அதனால் மனம் எப்படி மாறுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. சித்தேரி மலை ஊர்களில் கைக்குழந்தைக்காரிகளைப் பார்த்து, பால் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் சின்னக் குழாயில் எச்சில் வாங்குவார். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். "எச்சி பொறுக்க வந்துட்டாங்கடி" என்று பெண்கள் சிரிப்பார்கள். மேடமும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு நாள் மலை ஏறும்போது, குழந்தை பால் குடிக்கையில் தாயின் மூளையில் சுரக்கும் ஒன்றைப் பற்றிச் சொன்னார். பால் இறங்குவது அதனால்தானாம். பிள்ளைமேல் மனம் ஒட்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டாம். பெயரைக் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். ஆக்சிடோசின். பால்பண்ணையில் கன்று செத்த மாடுகளுக்கு நான் தினமும் போட்ட ஊசி. போட்டால் மாடு பாலை இறக்கிவிடும். அது சட்டப்படி கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

"அதேதாங்கண்ணா," என்றார் மேடம். "ஆனா மனசு அவ்ளோ சிம்பிள் இல்ல. ஊசி போட்டா பாசம் வந்துரும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க."

முதல் வார்த்தைதான் என் காதில் நின்றது. மேடம் இத்தனை வருடம் படித்த ஒன்றை நான் கையால் எடுத்துப் போட்டிருக்கிறேன் என்ற பெருமையில் மீதியை விட்டுவிட்டேன்.

அதே வாரம் ஒரு வீட்டில், தலைச்சன் பிள்ளை பெற்றவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளை அழுதாலும் திரும்பவில்லை. மாமியார் தூக்கி மார்பில் வைத்தால் வைத்தபடி கிடந்தாள். மேடம் எச்சில் கேட்கவில்லை. வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை பெற்ற சிலருக்கு இப்படி வரும், வைத்தியம் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் பேசி வைத்துவிட்டுக் காலையில் வந்து கூட்டிப்போகிறேன் என்று வீட்டாரிடம் சொன்னார்.

அவள் புருஷன் ஜீப் பக்கம் வந்தான். சின்னப் பையன்தான், முகம் வாடிக் கிடந்தது.

"பேய் கீய் ஏதாச்சும் புடிச்சிருக்குமாண்ணா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. மூளையில ஒரு சுரப்பு கொறஞ்சிருக்கு. மாட்டுக்குப் பால் எறங்க ஊசி போடுவாங்க பாரு, அதே சரக்குதான். போட்டா புள்ளய தூக்கிக்கும்."

"நெசமாவாண்ணா?"

"மேடம் சொன்னதுப்பா."

மறுநாள் காலையில் நாங்கள் போனபோது வாசலில் கூட்டம். புருஷன் ராத்திரி கடைசி பஸ்ஸில் மலை இறங்கி, மொரப்பூர் வரை போய், முதல் பஸ்ஸில் திரும்பியிருந்தான். கையில் லேபிள் இல்லாத, இன்னும் திறக்காத பாட்டிலும் மாட்டு ஊசியும். அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மேடம் பாட்டிலைப் பிடுங்கினார். "யாருங்க இத போடச் சொன்னது?"

அவன் என்னைக் காட்டினான். முகத்தில் எனக்கு நன்றிதான் இருந்தது. "அண்ணன்தாங்க. நீங்க சொன்னதா சொன்னாரு."

மேடம் என் பக்கம் திரும்புவதற்குள் அவள் பேசினாள். அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏண்ணா, என்னைய மாடுன்னா நெனச்ச?"

குவாரியில் கல் சரிந்தபோதுகூட நின்ற இடத்தில் நின்றவன் நான். அன்று செருப்பைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன்.

அவளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினோம். மேடம் பின் சீட்டில் அவள் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிள்ளையோடு மாமியார். அவர்கள் முகம் தெரியக்கூடாது என்று கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு ஓட்டினேன். தர்மபுரி ஆஸ்பத்திரி வாசலில்தான் மேடம், "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா" என்றார். திட்டியிருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வேறு ஊர் போயிருப்பேன். எத்தனையோ வேலையை அப்படித்தான் விட்டிருக்கிறேன்.

நாலு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனோம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை இடுப்பில் இருந்தது. குழாயில் துப்பி, பெட்டியை நீட்டிக்கொண்டிருந்த என்னைத் தாண்டி மேடத்தின் கையில் கொடுத்தாள்.

புருஷன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "அண்ணா, எரும ஒண்ணு பால எறக்க மாட்டேங்குது. அந்த ஊசி எவ்ளோ போடலாம்?"

"எனக்குத் தெரியாதுப்பா. மாட்டு டாக்டர கேளு."

"சும்மா சொல்லுண்ணா. உனக்குத் தெரியாததா?"

அவள் காதில் விழுந்துவிட்டது. "கேளு, நல்லா கேட்டுக்க. ஊசி போட்டா எரும உன்னைய மடியில போட்டுத் தாலாட்டும்."

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவள் பிள்ளையைக் குலுக்கிக்கொண்டு சிரித்தாள். அது நல்ல சேதி என்று எனக்கும் தெரிந்தது. ஏற்கெனவே மூடியிருந்த ஐஸ் பெட்டியை மறுபடியும் அழுத்தி மூடிக்கொண்டிருந்தேன்.